அண்ணனுக்குக் குடியை நிறுத்த அரசு மருத்துவமனையில் வழி உண்டா? (கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் பக்கம்)

தையற்கடை | வலங்கைமான்

வணக்கம். இங்கே மேட்டூர் நீர்மட்டமும் நெல் விலையும் பேசுகிறவர்கள்தான் அதிகம். நடுவில் என் வீட்டுக் கதையைக் கொண்டுவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு 43 வயது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்தது, இப்போது காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வேண்டும் என்று ஆகிவிட்டது. திருவள்ளுவர் தினத்தன்று கடை இல்லை. வாங்கி வைத்திருந்ததை முதல் நாள் இரவே தீர்த்துவிட்டார். மத்தியானம் இலையில் உட்கார்ந்தவருக்குச் சோற்றைப் பிசைய முடியவில்லை, கை அப்படி உதறுகிறது. அண்ணிதான் உருட்டி ஊட்டினார். பெரிய பெண் ஒன்பதாவது படிக்கிறாள், எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பொழுது சாயும் நேரத்தில் வாய் கோணி, கண் மேலே செருகி, வலிப்பு வந்தது. யாரோ கூடுதல் விலைக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. அதனால் 'பார்த்தாயா, இதுதான் எனக்கு மருந்து' என்கிறார்.

ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் விசாரித்தோம். மாதம் 18,000 ரூபாய், குறைந்தது மூன்று மாதம், முதல் மாதப் பணத்தை முன்னால் கட்ட வேண்டும் என்றார்கள். 'நீங்கள் அழைத்துவரக்கூட வேண்டாம், ராத்திரி வண்டி அனுப்பித் தூக்கிக்கொள்கிறோம்' என்றார் அங்கிருந்தவர். அண்ணி கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருக்கிறது. குழுக் கடன் வேறு. அரசு செலவில் இதற்குச் சிகிச்சை இருக்கிறதா? இருந்தால் எந்த ஊரில், யாரைப் போய்க் கேட்பது?

மன்னைக்காரன்

இருக்கிறது சகோதரி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுப் பாருங்கள். காசு கிடையாது. திருச்சிப் பக்கம் உறவினர் இருந்தால் அங்கே மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. மாவட்டம் விட்டு மாவட்டம் போனால் பார்க்கமாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

வெள்ளைச்சேலை | ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்

தங்கை, நீங்கள் எழுதியதில் பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த வலிப்பு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வருடக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு, குடி நின்ற ஆறேழு மணி நேரத்திலேயே நடுங்க ஆரம்பிக்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். அதைத் தாண்டி இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னொரு கண்டம் உண்டு. ஆளுக்கு இடம் பொருள் தெரியாது, இல்லாத பூச்சியைத் தட்டுவார், செத்துப்போன அப்பாவோடு பேசுவார், காய்ச்சல் அடிக்கும், நாடித்துடிப்பு எகிறும். ஊரில் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிப்பார்கள். பேய் இல்லை, அது குடி நின்றதால் மூளையில் வரும் குழப்பம், கவனிக்காவிட்டால் உயிர் போகும். ஆகவே ஒரு முறை வலிப்பு வந்தவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்தலாம் என்று யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். மறுபடி வலிப்போ பிதற்றலோ வந்தால் 108 தான், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க லோரசெபாம், டயசெபாம் போன்ற மாத்திரையோ ஊசியோ கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கூடவே தயமின் என்கிற வைட்டமின் பி1. குடிப்பவர்களுக்கு அது உடம்பில் வற்றிப்போயிருக்கும். பி1 இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குக் கெடுதல். தெரு முனையில் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டால் சரியாகிவிடும்' என்று ஏற்றிவிடுகிறார்களே, அதனால்தான் எனக்கு அவர்கள்மேல் கோபம்.

உங்கள் ஊருக்குப் பக்கம் கும்பகோணம் அரசு தலைமை மருத்துவமனை. சாதாரண நாளில் அங்கேயே முதலில் காட்டலாம். வலிப்பு வந்திருப்பதால் நேரே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குப் போய்விடுங்கள் என்பேன். மனநல மருத்துவரும் பொது மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தாலும் நெஞ்சு வலித்தாலும் ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு மாற்றினால் போதும். மூன்று மாதம் பணம் கட்டும் இல்லத்தில் அது கிடையாது.

காலை ஓ.பி. சீட்டு கொடுக்க ஆரம்பிக்கும் நேரத்துக்கே வரிசையில் நில்லுங்கள். ஆதார், குடும்ப அட்டை நகல், பழைய மருந்துச் சீட்டு எது இருந்தாலும் கொண்டு போங்கள். டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்ல வேண்டியவை: ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, வலிப்பு வந்த நாள், ரத்தவாந்தி அல்லது மஞ்சள் காமாலை இருந்ததா. கூச்சத்தில் அளவைக் குறைத்துச் சொல்லும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தின் அளவு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது, குறைத்துச் சொன்னால் மருந்தும் குறையும். போகிற அன்று காலை நடுக்கம் தாங்காமல் குடித்திருந்தாலும் அப்படியே அழைத்துப் போங்கள், அதையும் மறைக்க வேண்டாம்.

வயற்காட்டான் | குத்தாலம்

அக்கா சொல்வது புத்தகத்தில் நன்றாக இருக்கும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் சித்தப்பாவை அரசு மருத்துவமனையில்தான் சேர்த்தோம். பத்துப் பன்னிரண்டு நாளில் மாத்திரைப் பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் வீட்டுக்கு வருவதற்குள் கடையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். சுவர் வேண்டும் ஐயா, உயரமான சுவர் வேண்டும். ஆறு மாதம் உள்ளே போட்டால்தான் புத்தி வரும். இலவசம் என்றால் யாருக்கும் மதிப்பில்லை.

கடைசி பஸ் | பட்டுக்கோட்டை

சுவருக்கு உள்ளே இருந்தவன் எழுதுகிறேன்.

என்னைத் தூக்கினது ராத்திரி. இரண்டு பேர் காலை, ஒருவர் கழுத்தை. என் மனைவி திண்ணையில் நின்று அழுதுகொண்டிருந்தார், கையெழுத்துப் போட்டது அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த இல்லத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு ஹால், நீளமாகப் பாய்கள். டாக்டர் என்று ஒருவரை நான் பார்க்கவே இல்லை. எனக்கு முன்னால் வந்தவர் இரவெல்லாம் சுவரில் யாரோ நடக்கிறார்கள் என்று கத்தினார். மேற்பார்வை செய்த பையன் (அவனும் பழைய குடிகாரன்தான்) அவரை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினான். காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து 'நான் குடும்பத்தைக் கெடுத்தவன்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கு டீ கிடையாது.

வெளியே வந்து எத்தனை நாள் குடிக்காமல் இருந்தேன் என்று கேட்காதீர்கள். கோபத்திலேயே குடித்தேன்.

பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனது என் கால் மரத்துப்போய்ச் செருப்பு கழன்று விழுவதே தெரியாமல் ஆனபோது. அந்த டாக்டர் வயதில் சின்னவர். கையை நீட்டச் சொன்னார், விரலை விரிக்கச் சொன்னார், ஒரு நிமிடம் பார்த்தார். சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது என்னால் முடியவில்லை. முன்பு பத்திர ஆபீசில் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த கை இது! மை வைத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். திட்டவில்லை, உபதேசமும் இல்லை. 'வலிப்பு வந்திருக்கிறதா, ரத்தம் வந்திருக்கிறதா' என்று கேட்டார், அவ்வளவுதான். சேர்ந்த ஒரு வாரத்தில் என் பெயரை நானே எழுதினேன்.

குத்தாலத்து அண்ணன் சொல்வதிலும் பாதி உண்மை. வெளியே வந்த பிறகுதான் கஷ்டம். ஆனால் அதற்குச் சுவர் பதில் என்றால், அந்தச் சுவரை விட்டு வந்த நாளும் ஒன்று இருக்கிறதே, அன்றைக்கு என்ன செய்வது?

வழக்குக்கட்டு | வழக்கறிஞர், மயிலாடுதுறை

கடைசி பஸ் எழுதியதைப் படித்தபின் சட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பெரிய லாபம் உண்டு. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடத்தில் சிகிச்சை கேட்பது ஒவ்வொருவருக்கும் உரிமை (பிரிவு 18). வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர், அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், அங்கே காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது (பிரிவு 95). 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் வெந்து போனார்கள். நம் மாநிலத்தில் நடந்தது அது. அதற்குப் பிறகும் ஜன்னல் கம்பியில் கட்டுகிறார்கள் என்றால் என்ன சொல்வது.

இரவில் வண்டி அனுப்பித் தூக்குவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. நோயாளி தானாகச் சேரலாம், அப்படிச் சேர்ந்தவர் வெளியே வரவும் கேட்கலாம். முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லை, உயிருக்கு ஆபத்து என்றால், அவருடைய பிரதிநிதியாக இருப்பவர் விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்துச் சேர்க்கலாம், அதுவும் 30 நாள் வரைதான் (பிரிவு 89). மனைவி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது இல்லத்துக்காரர்கள் கட்டிய கதை.

தனியார் இல்லத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே? சுவரில் மாட்டியிருக்க வேண்டும். 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோடியக்கரை உப்பு | வேதாரண்யம்

எல்லோரும் தஞ்சாவூர் தஞ்சாவூர் என்கிறீர்கள். எங்கள் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் போய்வருவது ஒரு நாள் கூலி. நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது, ஒரத்தூரில் இருக்கிறது, எங்களுக்கு அது எவ்வளவோ தேவலை.

அதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் நேரில் வருவார். எந்த நாளில் எங்கே என்பது ஊருக்கு ஊர் மாறும், உங்கள் தாலுகா மருத்துவமனை மருந்தகத்திலோ செவிலியரிடமோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். படுக்கை வேண்டுமென்றால் மெடிக்கல் காலேஜ்தான். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு மாதாமாதம் மாத்திரை வாங்கவும் இரண்டு வார்த்தை பேசவும் இது போதும். என் மைத்துனருக்கு அப்படித்தான் ஓடுகிறது.

போனில் கேட்க: 14416, டெலி மானஸ். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், மனநல ஆலோசனை. 14446 என்பது மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண். அதில் அரசு நிதி பெறும் மையம் பக்கத்தில் எங்கே என்று கேட்கலாம். 104 மாநில அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

தையற்கடை

எல்லோருக்கும் நன்றி. அண்ணியிடம் படித்துக் காட்டினேன். வண்டி அனுப்பித் தூக்கும் யோசனையை விட்டுவிட்டோம்.

மூன்று சந்தேகம். 'மனநலப் பிரிவு' என்று போர்டு இருக்கும் வாசலுக்கு வரமாட்டேன், ஊரில் பைத்தியம் என்பார்கள், பெண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்கிறார் அண்ணன். ஆண்கள் வார்டில் அண்ணி தங்க முடியுமா? தங்கினால் வீட்டுக்கு வருமானம் ஏது? இன்னொன்று, ஊரில் ஒருவர் ரசத்தில் கலக்கிக் கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறது, அவருக்கே தெரியாமல் நின்றுவிடும் என்கிறார். ஆன்லைனில் பொடியாகவும் விற்கிறார்கள். கொடுக்கலாமா?

வெள்ளைச்சேலை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது.

அந்த மாத்திரை டைசல்பிராம் ஆக இருக்கும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இருதயம் பலவீனமான ஆளுக்கு அதுவே முடிவாகிவிடும். தெரிந்து, சம்மதித்து, 'இதைப் போட்டிருக்கிறேன், இன்று குடிக்க முடியாது' என்று தனக்குத்தானே வேலி போட்டுக்கொள்பவருக்கான மருந்து அது. ரசத்தில் கலந்தால் அவருக்குத் தெரியாது, கடைக்குப் போவார், குடிப்பார். அதன் பிறகு உங்கள் வீட்டு ரசத்தை அவர் எந்தக் காலத்திலும் நம்பிச் சாப்பிடமாட்டார். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. கல்லீரல் பரிசோதனை பார்த்துவிட்டு எது பொருந்தும் என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆன்லைன் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

போர்டு விஷயம். 'வலிப்புக்குக் காட்டப் போகிறோம்' என்று அழைத்துப் போங்கள். பொய்யில்லையே, வலிப்பு வந்ததுதானே. உள்ளே போனபின் டாக்டர் பார்த்துக்கொள்வார். மஞ்சள் சட்டை மாட்டிப் பூட்டி வைக்கிற இடம் என்று சினிமா பார்த்து நினைத்திருக்கிறார். அங்கே வரிசையில் நிற்பவர்களில் தூக்கம் வராத வாத்தியார் இருப்பார், தலைவலிக்காரர் இருப்பார், பாதிப்பேர் உங்கள் அண்ணன் மாதிரிதான். கும்பகோணத்துக்குப் பதில் தஞ்சாவூர் என்பதில் இன்னொரு சௌகரியம், ஊர்க்காரர் கண்ணில் படும் வாய்ப்பு குறைவு.

ஆண்கள் வார்டில் உடன் இருக்க ஓர் ஆண் வேண்டும் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அண்ணியின் தம்பி, மாமன் மகன், யாராவது முறை வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் பாலும் ரொட்டியும் சாப்பாடும் கொடுப்பார்கள், செலவு உடன் இருப்பவருக்குத்தான்.

வயற்காட்டான்

மாமன் மகன் முறை வைத்துக்கொள்வானாம்! அறுவடை நாளில் எவன் வருவான்? இந்த அரசாங்கமே ஒரு கையால் ஊற்றிக் கொடுக்கிறது, இன்னொரு கையால் துடைக்கிறது. 1983இல் மொத்த விற்பனைக்கு என்று ஆரம்பித்த டாஸ்மாக், 2003 இறுதியிலிருந்து சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. கடைக்கு முன்னால் வரிசையில் நிற்க வைத்துவிட்டு, மருத்துவமனையில் படுக்கை எத்தனை என்று கேட்டால் விரல் விட்டு எண்ணலாம்.

மன்னைக்காரன்

கடையை மூடினால் போதும் என்பவர்கள் கள்ளக்குறிச்சியை மறந்துவிட்டார்களா? 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடையை மூடினாலும்

சத்திரம் திண்ணை | மட்டுறுத்துநர்

இருவருக்கும்: மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று வேறு இழையில் இருபது பக்கம் ஓடுகிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். மன்னைக்காரன் பதிவின் மீதியை அங்கே நகர்த்திவிட்டேன். இங்கே சிகிச்சை மட்டும்.

ஒரே ஒரு தகவலை நானும் சேர்க்கிறேன், ஏனென்றால் வயற்காட்டான் சொன்ன படுக்கைப் பிரச்சினைக்கு அது பொருத்தம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேருக்கு ஒருவர். மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தார்கள். தஞ்சாவூருக்குப் போனால் அந்தப் பெயரைச் சொல்லியே விசாரியுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்தக் கட்டடம் என்று காவலரே காட்டுவார், 'குடியை நிறுத்தும் இடம் எங்கே' என்று கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

வயற்காட்டான்

சரி, கோபத்தை அந்த இழையில் கொட்டிக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பத்து நாள் முடிந்து வெளியே வந்தவனை யார் பார்த்துக்கொள்வது? சித்தப்பா திரும்பக் குடித்ததும் மறுபடி அந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போக எங்களுக்கே வெட்கம். 'மறுபடியுமா' என்று கேட்பார்களே.

கடைசி பஸ்

அண்ணா, என்னை 'மறுபடியுமா' என்று கேட்டார்கள். ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் கேட்டார். டாக்டர் கேட்கவில்லை. சர்க்கரை ஏறிப்போனவர் மறுபடி வந்தால் 'மறுபடியுமா' என்று யாரும் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு, முந்தைய சீட்டைப் புரட்டி எந்த மாதத்தில் தவறினேன் என்று பார்த்தார். சம்பா அறுவடைக் கூலி கையில் வந்த வாரம். அடுத்த வருடம் அந்த வாரத்துக்கு முன்னாலேயே வரச் சொன்னார். கூலியை மனைவி நேரே வாங்கிக்கொள்ள முதலாளியிடம் நானே சொன்னேன். இது என் யோசனை இல்லை, ஆலோசகர் சொன்னது.

வெளியே வந்தபின் பிடித்துக்கொள்ள எனக்கு இருந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுவது. கட்டணம் கிடையாது, பெயர் கேட்கமாட்டார்கள், தமிழில்தான் பேசுவார்கள். பெரிய ஊர்களில் நடக்கிறது. முதல் நாள் பின்வரிசையில் உட்கார்ந்து ஒன்றுமே பேசாமல் டீ குடித்துவிட்டு வந்தேன். குடும்பத்தாருக்கு அல்அனான் என்று தனியாக உண்டு. உங்கள் சித்திக்கு அது பிரயோஜனப்படும், சித்தப்பா வராவிட்டாலும் சித்தி போகலாம்.

வெள்ளைச்சேலை

குத்தாலத்துத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதைச் சுற்றி வளைக்கக் கூடாது. பத்து நாள் வார்டு என்பது உடம்பிலிருந்து விஷம் இறங்கும் காலம் மட்டும். மனம் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். அரசு முறையில் இதற்கு இரண்டு வகை இடம் உண்டு. மருத்துவமனைக்குள் இருக்கும் சிகிச்சை மையம் ஒன்று. மத்திய அரசின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையம் இன்னொன்று, அங்கே ஒரு மாதம்போல் தங்கி ஆலோசனை, குடும்பக் கூட்டம் எல்லாம் பெறலாம். முதலில் மருத்துவமனை, நடுக்கம் நின்றபின் மறுவாழ்வு மையம் என்ற வரிசையில் போனால் சரியாக இருக்கும். நாம் தலைகீழாகச் செய்கிறோம்: நடுக்கத்தோடு டாக்டர் இல்லாத இல்லத்தில் தள்ளிவிட்டு, வலிப்பு வந்தபின் மருத்துவமனைக்குத் தூக்கி ஓடுகிறோம். சேர்க்கும்முன் 14446இல் கேட்டு, நிதியுதவி பெறும் மையம்தானா, எதற்காவது பணம் கேட்பார்களா என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அலையாத்தி | முத்துப்பேட்டை

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் மகனுக்கு 19 வயது. குடி இல்லை, கஞ்சா. கல்லூரிக்குப் போவதில்லை, தூங்குவதில்லை, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். மருத்துவமனைக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று அவன் அப்பா வெளிநாட்டிலிருந்து போனில் சத்தம் போடுகிறார். அவன்மேல் ஏற்கெனவே ஒரு சின்ன வழக்கும் இருக்கிறது.

வழக்குக்கட்டு

அம்மா, பயப்படாமல் போங்கள். சிகிச்சைக்கு வந்தவரின் விவரத்தை வெளியில் சொல்லக் கூடாது என்பது அதே மனநலச் சட்டத்தில் இருக்கிறது.

வழக்கைப் பற்றி. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர்மேல் உபயோகித்த குற்றமோ, சிறு அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்டிருந்து, அவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். கஞ்சாவுக்குச் சிறு அளவு என்பது ஒரு கிலோ வரை. விற்றதாக வழக்கு இருந்தால் கதை வேறு. பணத்துக்குக் கவலைப்பட வேண்டாம், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். சேர்ந்த நாள் போட்ட மருத்துவமனைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தனியார் இல்லத்து ரசீது இதற்கு உதவாமல் போகலாம்.

வெள்ளைச்சேலை

வழக்கைவிட அவசரமானது நீங்கள் சொன்ன சந்தேகமும் தூக்கமின்மையும். பக்கத்து வீட்டார் பேசுகிறார்கள் என்பது கஞ்சாவாலும் வரும், கஞ்சா கிளப்பிவிட்ட மனநோயாகவும் இருக்கலாம். 19 வயதில் சீக்கிரம் பார்த்தால் பலன் அதிகம். இந்த வாரமே திருவாரூருக்கு அழைத்துப் போங்கள். அவனோடு வாதாட வேண்டாம், 'அப்படி யாரும் பேசவில்லை' என்று நிரூபிக்கவும் வேண்டாம். 'தூக்கம் வருவதற்கு டாக்டரைப் பார்ப்போம்' என்று சொன்னால் வருவான். தன்னையோ பிறரையோ காயப்படுத்துவதாகப் பேசினால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு.

தையற்கடை

சொல்ல வேண்டும் என்று வந்தேன். அண்ணனைத் தஞ்சாவூரில் சேர்த்துவிட்டோம். வலிப்புக்கு என்றுதான் அழைத்துப் போனோம், பஸ்ஸில் வல்லம் சாலை வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, ஒன்றும் சொல்லவில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் அண்ணனோடு மூட்டை தூக்குகிற ஒருவர் தன் மாமியாருடன் நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் எவ்வளவுக்கு எடுக்கிறார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கல்லீரல் வீங்கியிருக்கிறதாம், ஸ்கேன் எடுத்தார்கள், பணம் வாங்கவில்லை. இரவுக்கு அண்ணியின் தம்பி, பகலுக்கு எங்கள் பெரியப்பா மகன். அந்த மாமியாரும் தன் மருமகன் பக்கத்துக் கட்டிலில் இருப்பதால் ஒரு வேளை பார்த்துக்கொள்கிறார்.

இரண்டாம் நாள் ராத்திரி மூட்டையை எண்ணு எண்ணு என்று கத்தியிருக்கிறார், கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்திருக்கிறார். வெள்ளைச்சேலை அக்கா முன்பே எழுதியிருந்ததால் தம்பி பயப்படாமல் செவிலியரைக் கூப்பிட்டிருக்கிறான். ஊசி போட்டார்கள். இப்போது தெளிவாக இருக்கிறார், இட்லி கேட்கிறார், வீட்டுக்குப் போக வேண்டும் என்று சண்டையும் போடுகிறார். மறுவாழ்வு மையத்துக்கு ஒரு மாதம் போகிறாரா என்று ஆலோசகர் கேட்டதற்கு 'யோசிக்கிறேன்' என்றிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு கேள்வி. மாதாமாதம் தஞ்சாவூர் வர முடியாது. சீட்டில் எழுதிய மாத்திரை கும்பகோணத்தில் கிடைக்குமா? சீட்டு நைந்து போகாமல் லேமினேட் செய்து வைத்துக்கொள்ளட்டுமா?

வெள்ளைச்சேலை

டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் 'கும்பகோணத்தில் வாங்கிக்கொள்ளும்படி எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய்விட வேண்டும், அங்கே இல்லாத மருந்து என்றால் தஞ்சாவூர் வர அவகாசம் இருக்கும். லேமினேட் செய்யாதீர்கள் தங்கை. ஒவ்வொரு முறையும் அதிலேயேதான் எழுதுவார்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், போதும்.